முல்லைத்தீவின் ஐந்து ஆசனங்கள்: மாகாண சபையில் எங்களுக்காக யார் இருந்தார்கள், இப்போது யார் இருக்கிறார்கள்?

பதிவு 1 — கரைதுறையான்

முல்லைத்தீவு மாவட்டத்துக்கு யார் பிரதிநிதி என்று கேட்டால், வன்னிக்கு ஆறு பேர் இருக்கிறார்களே என்றுதான் பதில் வருகிறது. கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று. பாராளுமன்றத் தேர்தலில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்துதான் வன்னித் தேர்தல் மாவட்டம் ஆகின்றன; அதற்குள் நாங்கள் ஒரு தொகுதி மட்டுமே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வவுனியாவில் ஏறத்தாழ 172,000 பேரும் மன்னாரில் 99,000 பேரும் எங்களிடத்தில் 92,000 பேரும் இருந்தார்கள். கட்சிகள் வேட்பாளர் பட்டியல் போடும்போதும் விருப்பு வாக்குக்காக (கட்சிப் பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்கு இடும் வாக்கு) வேட்பாளர்கள் ஊர் ஊராகத் திரியும்போதும் இந்தக் கால்வாசிக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முல்லைத்தீவுக்கென்று ஒரு பாராளுமன்றத் தொகுதி இருந்த காலமும் உண்டு. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் எக்ஸ். எம். செல்லத்தம்பு இத்தொகுதியிலிருந்து தெரிவானார். பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்களெல்லாம் 1983 ஒக்டோபரில் பதவி இழந்தபோது அவரும் இழந்தார். 1989இல் விகிதாசார முறையில் முதற் பொதுத் தேர்தல் நடந்தபோது தொகுதியின் பெயர் மட்டும் எஞ்சியது, ஆசனம் வன்னிக்குள் கரைந்துவிட்டது.

இந்த மாவட்டம் மாவட்டமாகவே நின்று தன் ஆட்களைத் தெரிவுசெய்த மன்றம் மாகாண சபை. வட மாகாண சபைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து 16 பேர், வவுனியாவிலிருந்து 6, மன்னாரிலிருந்து 5, முல்லைத்தீவிலிருந்து 5, கிளிநொச்சியிலிருந்து 4 என 36 பேர், அவர்களோடு அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு 2 போனஸ் ஆசனங்கள், ஆக 38. 1988 நவம்பரில் இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது வடக்கின் மாவட்டங்களில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் அறிவிக்கப்பட்டார்கள். ஆகவே எங்கள் சனம் மாகாண சபைக்கென்று வாக்குச்சாவடிக்குப் போனது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி, அந்த ஒரே ஒரு நாள்தான். 2018 ஒக்டோபர் 24இல் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை.

நான் எங்கள் கமக்காரர் அமைப்பில் செயலாளராக இருந்தவன். 2015ஆம் ஆண்டு மாரியில் எங்கள் வயல் வீதியின் மதகு இடிந்தது. உழவு இயந்திரம் போக வழியில்லாமல் பசளை மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு போனோம். மாகாண சபை உறுப்பினர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து சொன்னோம். அவர் எங்களுக்கு முன்னாலேயே பொறியியலாளரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசினார், மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார், அடுத்த வருட ஒதுக்கீட்டில் மதகு கட்டப்பட்டது. மூன்று குழாய் கேட்டோம், இரண்டுதான் வைத்தார்கள். அதுவும் பெரிய காரியம்தான். பின்னர் ஒரு வெள்ளத்தில் அதே மதகின் கீழ்ப்பக்கம் தோண்டிப் போனது. அப்போது சபை இல்லை. மூன்று அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஓர் அலுவலகத்திலிருந்து மட்டும், தங்கள் கடிதம் உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. எங்கே அனுப்பி வைக்கப்பட்டது என்று பார்த்தால், நான் முதலில் எழுதிய அலுவலகத்துக்கு.

எனவே என் கேள்வி இதுதான். அந்த ஐந்து ஆசனங்களால் எங்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது, அவை இல்லாமற்போனதால் எதை இழந்தோம் என்பதைக் கட்சிக் கண்ணாடி போடாமல் இங்கே பேச முடியுமா?


பதிவு 2 — எச்சவாக்கு

பேசலாம், ஆனால் கணக்கிலிருந்து தொடங்குவோம். எங்களூரில் பலர் இந்தக் கணக்கைத் தெரியாமலே தேர்தலைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள்.

முதலில், அந்த ஐந்து என்பது மக்கள்தொகைப்படி பார்த்தால் தாராளமான எண். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2012இல் ஏறத்தாழ 583,000 பேர், அவர்களுக்கு 16 உறுப்பினர்கள். ஓர் உறுப்பினருக்குச் சுமார் 36,500 பேர். முல்லைத்தீவில் ஓர் உறுப்பினருக்கு 18,400 பேர். மாகாண சபையில் முல்லைத்தீவு வாக்காளர் ஒருவரின் வாக்குக்கு யாழ்ப்பாண வாக்காளரின் வாக்கைப்போல இரண்டு மடங்கு நிறை இருந்தது. பாராளுமன்றத்தில் கரைந்துபோன மாவட்டத்துக்கு மாகாணத்தில் கிடைத்த ஈடு என்று இதைச் சொல்லலாம். பரப்பளவிலும் முல்லைத்தீவு யாழ்ப்பாணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்டது என்பதால் எனக்கு இதில் குறை தெரியவில்லை. காடும் குளமும் வாக்களிப்பதில்லை என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சொன்னார். அவை வாக்களிக்காவிட்டாலும் அவற்றுக்கு நடுவில் பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு குடியிருப்பாகச் சிதறி இருப்பவர்களைப் பார்க்க உறுப்பினர் எரிபொருள் அடிக்க வேண்டுமே.

இரண்டாவது, 2013இன் முடிவு. முல்லைத்தீவில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு 28,266 வாக்குகள், ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலைக்கு 7,209. மற்றவர்களுக்குக் கிடைத்தவை சொற்பம்; அவற்றை விட்டுவிட்டுச் சுமாராகக் கணக்குப் பார்ப்போம். இரண்டையும் கூட்டினால் 35,475. ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 7,095. வெற்றிலைக்கு ஒரு முழு ஆசனமும் 114 எச்சமும் (மிஞ்சிய வாக்கும்). வீட்டுக்கு மூன்று முழு ஆசனங்களும் 6,981 எச்சமும். அந்தப் பெரிய எச்சத்தால் நான்காவது. மயிரிழையில் வெற்றிலை தப்பியது என்று அப்போது ஒரு கதை உலாவியது, அது பிழை. வெற்றிலைக்கு முழு எண்ணிக்கை கிடைக்காமல் போயிருந்தாலும் எச்சத்தில் அந்த ஆசனம் அவர்களுக்கே வந்திருக்கும். வீட்டின் வாக்கை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தால், வெற்றிலை ஏறத்தாழ 3,140க்குக் கீழே இறங்கியிருந்தால்தான் ஐந்தும் வீட்டுக்குப் போயிருக்கும். அதாவது கணக்கில் சேரும் வாக்கில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வைத்திருப்பவர்களுக்கு அப்படியொரு மோதலில் ஓர் ஆசனம் உறுதி.

பக்கத்து மன்னாரில் இதைவிடச் சுவையான கணக்கு நடந்தது. வீடு 33,118, வெற்றிலை 15,104, முஸ்லிம் காங்கிரசின் மரம் 4,571. அங்கும் ஐந்து ஆசனங்கள். இதே சுமாரான கணக்கில் ஓர் ஆசனத்துக்கு 10,559. வீட்டுக்கு மூன்று, வெற்றிலைக்கு ஒன்று என்று முழு எண்ணிக்கையில் போன பிறகு ஐந்தாவது ஆசனத்துக்கு வெற்றிலையின் எச்சம் 4,545, மரத்தின் எச்சம் 4,571. மிகச் சிறிய வித்தியாசத்தில் மரம் சபைக்குள் வந்தது. சபை முழுவதிலும் முஸ்லிம் காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அதுதான்.


பதிவு 3 — கொக்கிளாய்க் காற்று

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் கடற்கரையில் நின்று கேட்பது, அந்த ஐவருக்கும் கையில் என்ன இருந்தது என்பது.

கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்கள் 1984இல் இடம்பெயர்ந்தன. போர் முடிந்து திரும்பி வந்தபோது எங்கள் அப்பாமார் வலை வளைத்த கரைவலைப் பாடுகளில் தென்பகுதியிலிருந்து வந்தவர்களின் வாடிகள் நின்றன. எங்கள் மாகாண உறுப்பினர்கள் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தார்கள், வெயிலில் நின்றார்கள், சபையில் பிரேரணை கொண்டுவந்தார்கள், ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகு? கடற்றொழில் அனுமதி கொடுப்பது மத்திய திணைக்களம். மாகாணத்துக்குக் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் இருந்தார், ஆனால் ஆட்புலக் கடலெல்லைக்குள்ளான மீன்பிடி மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான அதிகாரப் பட்டியலான பொது நிரலில் இருக்கிறது; அதில் கொழும்பு நினைத்தால் கொழும்பின் சட்டமே மேலோங்கும். வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கும் சட்டவிரோதத் தொழிலுக்கு எதிராக 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு மீனவர்கள் வீதியில் இறங்கினார்கள். அப்போது சபை உயிரோடுதான் இருந்தது. சபை இருந்தும் வீதிக்குப் போக வேண்டியிருந்ததே, அதைக் கரைதுறையான் ஐயா எந்தக் கணக்கில் எழுதுவார்?

காணியும் இதே கதைதான். அரச காணி குடியரசுக்கே உரியது என்று, மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னிணைப்பே சொல்கிறது. அமைக்கப்பட வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. கேப்பாப்புலவுச் சனம் இராணுவத்திடம் இருந்த தங்கள் காணிக்காக 2017 மார்ச் முதல் இராணுவ முகாம் வாசலில் குந்தியிருந்தபோது, ஐந்து உறுப்பினர்களும் முதலமைச்சரும் சேர்ந்தாலும் ஒரு வேலிக் கட்டையைப் பிடுங்க அதிகாரம் இருக்கவில்லை. மணலாறு வெலிஓயா ஆகி, மகாவலி எல் வலயம் என்ற பெயரில் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்து நிலத்தை அதிகார சபை ஒன்று ஆள்கிறது. அதற்குள் மாகாண சபை எட்டிப் பார்க்கவும் முடியவில்லை.

மதகு கட்டுவதற்கு ஒரு சபை வேண்டுமா? அதற்குப் பிரதேச சபை போதாதா?


பதிவு 4 — கனகராயன்குளத்தவன்

நான் வவுனியா வடக்கு, உங்கள் அயலவன். ஒரு விடயத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். மாகாண சபையில் முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்கள்தான் இருக்கலாம். 2013இல் அமைந்த முதல் அமைச்சரவையைப் பாருங்கள். முதலமைச்சர் விக்னேஸ்வரன் யாழ்ப்பாணம்; விவசாயம் ஐங்கரநேசன், யாழ்ப்பாணம்; கல்வி குருகுலராசா, கிளிநொச்சி; சுகாதாரம் சத்தியலிங்கம், வவுனியா; மீன்பிடியும் போக்குவரத்தும் டெனீஸ்வரன், மன்னார். ஐந்து மாவட்டங்களில் அமைச்சர் இல்லாத ஒரே மாவட்டம் முல்லைத்தீவு. போர் எங்கே முடிந்ததோ அந்த மாவட்டம். பிரதி அவைத்தலைவர் பதவி மட்டும் உங்கள் அன்ரனி ஜெகநாதனுக்குக் கிடைத்தது. அவரும் பதவிக் காலத்திலேயே 2016இல் காலமானார். இரண்டு மடங்கு நிறையுள்ள வாக்கு என்று எச்சவாக்கு எழுதுகிறார், அந்த நிறை அமைச்சரவைத் தராசில் ஏறவில்லையே.


பதிவு 5 — கரைதுறையான்

அயலவர் சொன்னது உண்மை, அந்தப் பட்டியல் வந்த நாளில் ஊரில் எழுந்த மனவருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 28 ஆசனங்களை நேரடியாகவும் இரண்டைப் போனசாகவும் பெற்று, 38இல் 30 வைத்திருந்த ஒரு கூட்டமைப்பு, பங்காளிக் கட்சிகளுக்குள் அமைச்சுகளைப் பிரித்துக் கொடுப்பதில் காட்டிய கவனத்தை மாவட்டங்களுக்கு இடையில் காட்டவில்லை. 2017இல் அமைச்சரவை மாறியபோது நான்கு வருடம் போய்விட்டது. ஆனால் இது மாகாண சபை முறையின் குறையல்ல, எங்கள் கட்சிகளின் குறை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டக் கூடாது.

கொக்கிளாய்த் தம்பிக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். காணி, கடல், இராணுவம் ஆகிய மூன்றிலும் அந்த ஐவருக்கு அதிகாரம் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அமைச்சர்கள் ஊடாகவும் செய்யலாம், நேரடியாகவும் செய்யலாம். முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்கும் நியதிச் சட்டம்கூட (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஆளுநரைத் தாண்டாமல் நின்றதைப் பார்த்தோம். அதனால் அந்தச் சபையை நான் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை.

ஆனால் தம்பி, எங்கள் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். பிள்ளை போகும் பள்ளிக்கூடம் பெரும்பாலும் மாகாணப் பாடசாலை. அதற்குக் கணித ஆசிரியர் வருவதும் வராததும் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் இடமாற்றப் பட்டியலில் இருக்கிறது. காய்ச்சல் என்றால் போகும் ஊர் ஆஸ்பத்திரி மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் மத்திய அரசினுடையவை, ஆனால் அவற்றிலிருந்து பிரிந்து ஊருக்குள் போகும் வீதிகளில் பெரும்பகுதி மாகாணத்தினது அல்லது பிரதேச சபையினது. மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் ஆற்றின் நீர்ப்பாசனம் மாகாண விடயம். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் எப்போது தண்ணீர் திறப்பது என்று கூட்டம் வைத்தால், அந்தக் கூட்டத்துக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பது கமக்காரனுக்குச் சின்ன விடயம் அல்ல. காணியைப் பற்றிக் கேட்க ஆளில்லை என்பதற்காகக் கணித ஆசிரியரைப் பற்றிக் கேட்கவும் ஆள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

பிரதேச சபை போதாதா என்று கேட்டீர்கள். கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என எங்களுக்கு நான்கு பிரதேச சபைகள். அவற்றின் உறுப்பினர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வலயக் கல்விப் பணிப்பாளரையோ பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரையோ அழைத்துக் கேள்வி கேட்க அவர்களுக்கு இடமில்லை. பாராளுமன்ற உறுப்பினரோ மூன்று மாவட்டங்களுக்குப் பொதுவானவர். எங்கள் ஐவரில் ஒருவராக இருந்த துரைராசா ரவிகரன் 2024 நவம்பரில் வன்னியிலிருந்து பாராளுமன்றம் போனார். முன்னர் ஒரு மாவட்டத்துக்கு ஓடியவர் இப்போது மூன்றுக்கு ஓட வேண்டும். ஒரே ஆள், ஒரே ஊர், ஆனால் வேலை வேறு.


பதிவு 6 — கொக்கிளாய்க் காற்று

மதகைப் பற்றி நான் ஏளனமாக எழுதியது பிழை, ஐயா. பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் பிரேரணைகளைப் பற்றி ஒரு கேள்வியை விட்டுவிடவில்லை. கைதடியில் இருந்த அந்த மண்டபத்தில் ஐந்து வருடமாக நூற்றுக்கணக்கான தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன என்று பெருமையாகச் சொன்னார்கள். தீர்மானம் என்பது கடிதம். நியதிச் சட்டம்தான் சட்டம். கல்வியிலும் நீர்ப்பாசனத்திலும் தங்கள் கையில் இருந்த அதிகாரத்துக்கு ஏற்ற நியதிச் சட்டங்களை முதல் வருடத்திலேயே எழுதியிருக்க வேண்டிய சபை, உட்கட்சிச் சண்டையில் 2017ஐ முழுதாகத் தொலைத்தது. அமைச்சர்மீது விசாரணை, முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை, பதவி நீக்கப்பட்ட அமைச்சரின் வழக்கு என்று பத்திரிகைக்கு நல்ல தீனி. அந்த மாதங்களில் எங்கள் கரையில் ஒருவரையும் நான் காணவில்லை.


பதிவு 7 — தண்ணீரூற்று மாணவி

ஐயாமார் இருவருக்கும் வணக்கம். நான் சட்டம் படிக்கிறேன். இப்போது ஏன் அந்த ஐந்து ஆசனங்களும் வெறுமையாக இருக்கின்றன என்பதை யாரும் சரியாக எழுதாததால் எழுதுகிறேன். தேர்தலைக் கொழும்பு நடத்த விரும்பவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், ஆனால் அதற்குள் ஒரு கதை இருக்கிறது.

2017 செப்டெம்பர் 20இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அது முதலில் வந்தது வேட்பாளர் பட்டியலில் பெண்களின் பங்கை உறுதிசெய்யும் சிறிய திருத்தமாக. குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் நுழைக்கப்பட்டு, வெளியே வரும்போது அது தேர்தல் முறையையே மாற்றும் சட்டமாக இருந்தது: பாதி உறுப்பினர்கள் தொகுதியிலிருந்து, பாதி உறுப்பினர்கள் பட்டியலிலிருந்து. பெண்களின் பெயரில் வந்த சட்டம் அவர்கள் போட்டியிடக்கூடிய தேர்தலையே நிறுத்திவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தொகுதி பிரிப்பதற்கு முன்னாள் நில அளவையாளர் நாயகம் தவலிங்கம் தலைமையில் எல்லை நிர்ணயக் குழு அமைக்கப்பட்டு அறிக்கை தந்தது. 2018 ஓகஸ்ட் 24இல் அந்த அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 பேர், ஆதரவாக ஒருவரும் இல்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சட்டப்படி பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் திருத்திக் கொடுக்க வேண்டும்; அது வரவில்லை. பழைய முறையில் தேர்தலை நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி கேட்டபோது, முடியாது என்பதே உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயமாக வந்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அந்த இடுக்கில் ஒன்பது மாகாணங்களும் சிக்கியிருக்கின்றன.

இதிலிருந்து வெளியே வர அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை. 1988ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மீண்டும் திருத்தினாலே போதும். அதனால் இங்கே பேச வேண்டியது எந்த முறை எங்களுக்கு வேண்டும் என்பதும்தான். என் விருப்பம் தொகுதி முறை. விருப்பு வாக்கு முறையில் ஒருவர் மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்ட வேண்டும். தன் கட்சிக்காரனோடுதான் முதற்சண்டை. காசில்லாத ஒரு பெண் துணுக்காயிலிருந்து கொக்கிளாய் வரை எப்படித் திரிவாள்? ஒட்டுசுட்டானுக்கு ஒருவர், புதுக்குடியிருப்புக்கு ஒருவர் என்றால் அவளும் நிற்கலாம். ஐயா போய் இருந்த அந்தப் பிளாஸ்ரிக் கதிரையும் பக்கத்து ஊரில் இருக்கும்.


பதிவு 8 — நீராவிப்பிட்டி

மகளின் எழுத்து தெளிவாக இருக்கிறது, ஆனால் தொகுதி முறையைப் பற்றி நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எங்கள் முஸ்லிம் சமூகம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. இரண்டு தசாப்தம் கழித்துத் திரும்பி வந்தவர்களும் பெயரளவில் பதிந்துவிட்டுப் புத்தளத்தில் இருப்பவர்களும் என்று சிதறிக் கிடக்கிறோம். முல்லைத்தீவைத் தொகுதிகளாக வெட்டினால், எந்தக் கோட்டை எப்படி இழுத்தாலும் எங்களுடைய ஊர் ஒரு தொகுதியின் மூலையில்தான் விழும். எச்சவாக்கு எழுதிய கணக்கை எங்கள் கண்ணால் பாருங்கள். ஐந்து ஆசனத்தையும் ஒரே மாவட்டமாக எண்ணினால் பத்தில் ஒரு பங்கு வாக்குக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வாசல் திறக்கிறது. மன்னாரில் எச்ச வாக்கில் திறந்தது அந்த வாசல்தான். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களுக்கும் வெலிஓயாவின் சிங்களவர்களுக்கும் இது பொருந்தும். வெலிஓயாவின் பெயரைச் சொன்னதும் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். அந்தக் குடியேற்றம் எப்படி நடந்தது என்பது ஒரு வழக்கு, அங்கே பிறந்து இன்று வாக்காளராக இருக்கும் பிள்ளைக்கு யார் பிரதிநிதி என்பது வேறு வழக்கு.

ஐந்து ஆசனத்தில் பாதியைத் தொகுதிக்குக் கொடுத்தால் இரண்டோ மூன்றோதான் மாவட்டப் பட்டியலுக்கு மிஞ்சும். இத்தனை சிறிய மாவட்டத்தில் விகிதாசாரம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும்.


பதிவு 9 — எச்சவாக்கு

நீராவிப்பிட்டி நானா சொல்வதில் கணக்குப் பிழை இல்லை, ஒரு திருத்தம் மட்டும். அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது இரண்டு அணிகள் மட்டுமே கணக்கில் நிற்கும்போது. 2013இல் தமிழ் வாக்கு ஏறக்குறைய ஒரே சின்னத்தில் விழுந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனங்கள் ஐந்து கட்சிகளுக்குப் போயின. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மற்ற நால்வருக்கும் ஒவ்வொன்று. அதே சிதறல் முல்லைத்தீவின் ஐந்து ஆசனத்தில் நடந்தால், எட்டு விழுக்காட்டோடும் ஒருவர் எச்சத்தில் உள்ளே வரலாம், பன்னிரண்டு விழுக்காட்டோடு ஒருவர் வெளியே நிற்கவும் நேரலாம். சிறு மாவட்டத்தில் எச்சம் ஒரு சூதாட்டம்தான். ஆனாலும் தொகுதி முறையில் வெளியே நிற்பவருக்கு அந்தச் சூதும் இல்லை.

மாணவியின் கேள்விக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. ஐந்து ஆசனத்தையும் மாவட்டமாகவே வைத்துக்கொண்டு, பட்டியலில் பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒருவராவது நிறுத்தப்பட வேண்டும் என்று மட்டும் சட்டம் சொன்னால் போதாதா? ஆறு பிரிவுகள், கரைதுறைப்பற்று, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா. வேட்பாளர் எண்ணிக்கை ஆசனத்தைவிட மூன்று கூட இருப்பதால் எட்டுப் பேர் நிற்பார்கள். ஆறு பேர் ஆறு பிரிவிலிருந்து, மீதி இருவர் கட்சியின் விருப்பம்.


பதிவு 10 — தண்ணீரூற்று மாணவி

நிறுத்தப்படுவது வேறு, தெரிவாவது வேறு, அண்ணா. வாக்கு அதிகமாக இருப்பது கரைதுறைப்பற்றிலும் புதுக்குடியிருப்பிலும். விருப்பு வாக்கு எண்ணும்போது தெரிவாகிறவர்கள் எல்லோரும் அந்தக் கிழக்குக் கரையிலிருந்தே வந்துவிடுவார்கள். துணுக்காய்க்காரரின் பெயர் பட்டியலை நிரப்புவதற்கு மட்டும் உதவும். ஆனால் நானா எழுதியதைப் படித்த பிறகு, தொகுதிதான் சிறந்தது என்று முன்போல உறுதியாகச் சொல்ல எனக்கு முடியவில்லை. முதலில் பழைய முறையிலாவது ஒரு தேர்தல் வரட்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.


பதிவு 11 — கரைதுறையான்

நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன், பிள்ளை. மாங்குளத்தை மாகாணத்தின் தலைநகராக்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகப் பேசுகிறார்கள். தலைநகர் எங்கள் மாவட்டத்துக்கு வரும் என்று சொல்லிக் காட்டுகிற அதே காலத்தில், அந்தத் தலைநகரில் இருந்து பேச எங்களுக்கு ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆளுநரின் மக்கள் சந்திப்புக்குப் போவதென்றால் முல்லைத்தீவிலிருந்து விடியப்புறம் பேருந்து ஏற வேண்டும். போய் இலக்கம் எடுத்து, மூன்று நிமிடம் பேசி, திரும்பி வர இருட்டிவிடும். ஆளுநர் தன்மையாகத்தான் கேட்கிறார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை எங்களிடம் வாக்குக் கேட்டு வர வேண்டியவர் அல்லர் அவர்.

கொக்கிளாய்த் தம்பி, அந்த 2018 ஓகஸ்ட் போராட்டத்தின்போது சபையில் நிறைவேற்றிய தீர்மானத்தின் பிரதி உங்களிடம் இருந்தால் இங்கே இட்டுவிடுங்கள். என்னிடம் மதகுக் கடிதங்கள் நான்கு இருக்கின்றன, சபை இருந்தபோது எழுதியது ஒன்று, இல்லாதபோது எழுதியவை மூன்று. பதில்களையும் சேர்த்து நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து மற்றவர்கள் பார்க்கட்டும்.